அப்பாவின் ஸ்டென்ட் ஏன் விரியவில்லை, அதிர்வலை போடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அப்பாவுக்கு 67 வயது, இருபது வருடமாகச் சீனி வருத்தம். போன வருடம் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வயல் வரம்பில் நடந்தாலே நெஞ்சை இறுக்குகிறது. திரும்ப அஞ்சியோகிராம் (சாயம் விட்டு எடுக்கும் இரத்தக்குழாய்ப் படம்) செய்து பார்த்துவிட்டு, இதயத்தின் இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள கல்சியத்தால் ஸ்டென்ட் நடுவில் விரியாமல் நிற்கிறது என்றார்கள். அதிர்வலையால் அந்தக் கல்சியத்தை உடைக்கலாம், ஆனால் அதற்கான கதீட்டரை, அதாவது குழாய்க்குள் விடும் மெல்லிய கருவியை, நீங்கள்தான் வாங்கித் தரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். "இது நிரூபிக்கப்பட்ட வைத்தியமா, அல்லது அப்பாவை வைத்துப் பரிசோதனை செய்கிறார்களா?" என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது: இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலில் ஒரு ஏக்கரை விற்பதா? இரண்டையும் பிரித்துப் பதில் சொல்ல முடியாது.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. முள்ளியவளையில் பிறந்து, தாதியாகப் படித்து, பதினாறு வருடம் கத்லாப்பில், அதாவது அஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் வைக்கும் அறையில், நின்ற ஆள். அதில் கடைசி ஐந்து வருடம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியொன்றில் இருதய ஆய்வுகளுக்கு நோயாளிகளைச் சேர்த்து, அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவு செய்யும் வேலை. அப்பாவின் படத்தை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இதைச் செய், அதைச் செய்யாதே என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆய்வுகள் எதைக் காட்டியிருக்கின்றன, எதை இன்னும் காட்டவில்லை என்பதைச் சொல்லலாம். நீங்கள் டொக்டரிடம் போய்க் கேட்க அது உதவும்.

ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலை. சுருங்கிய நிலையில் ஒரு பலூனின் மேல் ஏற்றி, இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிக்குள் கொண்டுபோய், பலூனை ஊதி விரித்து, சுவரோடு ஒட்டவைத்துவிட்டுப் பலூனை வெளியே எடுத்துவிடுவார்கள். அடைப்பு மெதுவான கொழுப்பாக இருந்தால் ஒதுங்கி இடம் கொடுக்கும். பல வருடமாகக் கல்சியம் ஏறி, சுவரைச் சுற்றி வளையம் போட்டு இறுகியிருந்தால் கொடுக்காது. பலூன் இரண்டு முனையிலும் உப்பி, நடுவில் இடுப்பில் கயிறு கட்டினது போல நிற்கும். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 3 மில்லிமீற்றர் ஸ்டென்ட் முழுதாக விரிந்தால் அதன் வாய் ஏறத்தாழ 7 சதுர மில்லிமீற்றர். நடுவில் 2 மில்லிமீற்றர்தான் விரிந்தது என்றால் அது 3 சதுர மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு, வாய் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த ஒடுக்கத்தில் இரத்தம் உறையலாம், உள்தோல் வளர்ந்து மூடலாம். வைத்த ஸ்டென்ட் பிறகு அடைபடுவதற்கான காரணங்களில் இந்த விரியாமை முன்வரிசையில் நிற்கிறது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

உங்கள் அப்பா கமக்காரர், இப்படிச் சொன்னால் அவருக்கு உடனே விளங்கும்: இறுகின தரையை உழுதுவிட்டுத்தான் விதைக்கவேண்டும், விதைத்த பிறகு உழமுடியாது. கல்சியத்தை முதலில் உடைத்துவிட்டு அதன்மேல் ஸ்டென்ட் வைப்பதற்கு நல்ல கருவிகள் இருக்கின்றன. ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போது அதற்குப் பின்னால் உள்ள கல்சியத்தை உடைப்பது வேறு விளையாட்டு. ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டால் எல்லாமே குழம்பிவிடும். இணையத்தில் நீங்கள் பார்த்த பெரிய வெற்றி வீதங்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. அப்பா இரண்டாவது வகை.

"அப்படியென்றால் முதலே ஏன் பார்க்கவில்லை?" என்று நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் மாரடைப்போடு வருபவருக்கு நிமிடங்கள்தான் முக்கியம், குழாயைத் திறந்தால் போதும் என்ற நிலை. மற்றது, சாதாரண அஞ்சியோகிராமில் கல்சியம் பாதியளவாவது ஒளிந்துகொள்ளும். சாயம் விடுவதற்கு முன் இதயத்தோடு சேர்ந்து ஆடும் மங்கலான கோடாக அது தெரிந்தால், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று அர்த்தம். வன்னியிலிருந்து வந்த சிலரின் நெஞ்சைத் திரையில் பார்க்கும்போது பளிச்சென்று ஒரு துண்டு தெரியும், இளம் டொக்டர்மார் கல்சியமோ என்று குனிந்து பார்ப்பார்கள். இதயத்தோடு ஆடாமல் மூச்சோடு மட்டும் அசைந்தால் அது ஷெல் குண்டின் துண்டு. 2009 போரில் உள்ளே போனது, எடுக்காமலே இருக்கும். அதை அவர்களுக்கு விளங்கப்படுத்துவது எப்போதும் என் வேலையாகிப் போனது.

எனக்கும் இதில் ஒரு கறை உண்டு. பல வருடத்துக்கு முன், நான் வேலை செய்த ஓரிடத்தில், பின்னேரம் கடைசி நோயாளி. பலூன் முழுதாக விரியவில்லை என்பதை நாங்கள் எல்லோருமே திரையில் கண்டோம். "ஸ்டென்ட் போட்டால் அதுவே தள்ளிவிடும்" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினோம். ஸ்டென்ட் தள்ளவில்லை. நாலு மாதத்தில் அந்த மனிசன் திரும்பி வந்தார். அன்றிலிருந்து பலூன் விரியாத இடத்தில் ஸ்டென்ட் பெட்டியைத் திறக்கச் சொன்னால் நான் ஒருமுறை திருப்பிக் கேட்பேன்.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். இந்தத் துறையில் மூத்த கருவி ரோட்டாபிளேட்டர். வைரத்தூள் பதித்த சின்னக் குமிழ், நிமிடத்துக்கு 1 இலட்சத்து 40 ஆயிரம் முதல் 1 இலட்சத்து 80 ஆயிரம் தடவை வரை சுற்றிக் கல்சியத்தைச் சுரண்டும். 1988இல்தான் முதன்முதலாக மனிதரின் இதயக்குழாயில் பயன்படுத்தினார்கள். இதை ஸ்டென்ட்டுக்கு முன் எல்லோருக்கும் போட்டால் என்ன என்று ஜெர்மனியில் 240 பேரை வைத்துப் பார்த்த ரோட்டக்ஸஸ் ஆய்வு 2013இல் வெளிவந்தது. வேலை நடந்த அன்று வெற்றி கூடுதல்: 92.5 வீதம், மற்றப் பக்கம் 83.3 வீதம். ஆனால் ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, சுரண்டின பக்கத்தில்தான் குழாய் கூடுதலாக ஒடுங்கியிருந்தது. 2018இல் வந்த பிரிப்பேர்-கால்க் 200 பேரில் ரோட்டாபிளேட்டரையும் கத்தி வைத்த பலூன்களையும் ஒப்பிட்டது. அன்றைய வெற்றி ரோட்டாபிளேட்டர் பக்கம் 98 வீதம், பலூன் பக்கம் 81 வீதம், ஒன்பது மாத முடிவில் பெரிய வித்தியாசமில்லை. சுற்றி அரைக்கும் இன்னொரு கருவியான ஓர்பிட்டல் அத்தரெக்டமியை அமெரிக்காவில் 2,005 பேரில் சோதித்த எக்லிப்ஸ் ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. ஒரு வருடத்தில் அந்தக் குழாயால் திரும்பச் சிக்கலுக்கு வந்தவர்கள் 11.5 வீதம், சாதாரண பலூன் பக்கம் 10.0 வீதம். அதாவது எல்லோருக்கும் அரைத்ததால் நன்மை கிடைக்கவில்லை. பலூன் விரியாதவருக்கு அரைக்கவேண்டும்தான், அது வேறு. இந்த மூன்று ஆய்வையும் சேர்த்து வாசித்தபோது எனக்குப் பட்டது: அன்று திரையில் அழகாகத் தெரிவதையும், ஒரு வருடம் கழித்து ஆள் எப்படி நடக்கிறார் என்பதையும் ஒன்றாக்கக் கூடாது. கருவி விற்க வருபவர் முதலாவதை மட்டும்தான் காட்டுவார்.

உங்களுக்குச் சொன்ன அதிர்வலைக் கருவியின் பெயர் ஐ.வி.எல்., இன்ட்ராவாஸ்குலர் லித்தோட்ரிப்சி. சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைப்பது 1980இலேயே ஜெர்மனியில் தொடங்கிவிட்டது, அதே தத்துவம்தான் இங்கே ஒரு பலூனுக்குள் இறங்கியிருக்கிறது. பலூனை 4 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டும் ஊதுவார்கள். மோட்டார்சைக்கிள் டயரில் இரண்டுக்குக் கிட்ட இருக்கும், அதைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். பிறகு பத்துப் பத்தாக மின்பொறி அடிக்க, அதிலிருந்து எழும் அலை மெதுவான தசையைக் கடந்து கடினமான கல்சியத்தில் வெடிப்பு விழுத்தும். சில வேளை ஒவ்வொரு அடிக்கும் இதயமும் சேர்ந்து துடிப்பது ஈசிஜித் திரையில் தெரியும், பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் முதல்முறை வயிற்றைக் கலக்கும்.

இதன் முக்கிய ஆய்வு டிஸ்ரப்ட் கேட் 3. 384 பேர், 2020இல் வெளியானது. வேலை வெற்றி 92.4 வீதம், 30 நாளில் பெரிய சிக்கல் இல்லாதவர்கள் 92.2 வீதம். 2021 பெப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்ததும் இதன் பலத்தில்தான். நல்ல எண்கள். ஆனால் ஆய்வுத் தாதியின் கண்ணோடு பார்த்தால் இரண்டு விஷயம் இடிக்கும். ஒன்று, ஒப்பிட ஒரு குழு இல்லை. எல்லோருக்கும் அதிர்வலைதான் கொடுத்தார்கள், பழைய ஆய்வொன்றின் முடிவை வைத்து ஒரு இலக்குப் போட்டு, அதைத் தாண்டினோமா என்று பார்த்தார்கள். இரண்டாவது உங்களுக்கு முக்கியம்: அது ஸ்டென்ட் வைக்காத புதிய அடைப்புகளுக்கான ஆய்வு. அமெரிக்க அனுமதியும் ஸ்டென்ட் வைப்பதற்கு முன் செய்யும் வேலைக்குத்தான். அப்பாவின் நிலைமைக்கு அந்த 92 வீதத்தைத் தூக்கிவந்து பொருத்தக்கூடாது.

அப்பாவைப் போன்றவர்களை, அதாவது ஸ்டென்ட் உள்ளே விரியாமல் நிற்பவர்களைப் பார்த்தது க்ரஞ்ச் என்ற பதிவேடு. பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்தும் மொத்தம் 70 பேர்தான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஸ்டென்ட் அதன்பிறகு விரிந்தது. நல்ல செய்திதான், ஆனால் பதிவேடு என்பது செய்தவர்கள் செய்ததைத் திரட்டுவது. யாருக்குச் செய்யலாம் என்று தெரிவு செய்தவரும் அவரே, எழுதியவரும் அவரே. இதற்கு முன்பே லேசர் வழி இருந்தது. 28 பேரைப் பார்த்த எலிமென்ட் என்ற பதிவேட்டில், ஸ்டென்ட்டுக்குள் சாயம் விட்டுக்கொண்டு லேசர் அடித்து 27 பேருக்கு விரித்தார்கள். கேட்கப் பிரமாதம், ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு அது பலிக்காமல் போனால் அதை யாரும் கட்டுரையாக்கி அனுப்புவதில்லை. ரோட்டாபிளேட்டரால் ஸ்டென்ட்டின் கம்பியையே அரைப்பதும் உண்டு. அது கடைசி வழி, கை பழகியவர் தவிர மற்றவர்கள் தொடக்கூடாது.

ஆகவே "பரிசோதனையா?" என்ற கேள்விக்கு என் பதில்: அப்பாவை வைத்து விளையாடவில்லை. கருவி அனுமதி பெற்றது, செய்முறை உலகத்தில் பல இடங்களில் நடக்கிறது, உடனடிப் பலன் பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் விரியாத ஸ்டென்ட்டுக்குள் அதைப் போட்டவர்கள் போடாதவர்களை விட வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வின் பலம் அதற்கு இல்லை. இந்த இரண்டு வசனமும் ஒரேநேரத்தில் உண்மை. உங்களிடம் முதலாவதை மட்டும் சொன்னால் இரண்டாவதைக் கேளுங்கள், இரண்டாவதை மட்டும் சொல்லிப் பயப்படுத்தினால் முதலாவதைக் கேளுங்கள்.

காசு செலவழிப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஸ்டென்ட்டின் உள்ளே பார்த்தார்களா என்று கேளுங்கள். அஞ்சியோகிராம் வெளிக்கோட்டு நிழல் மட்டும். ஐவஸ் என்ற ஒலிக் கமராவும் ஓ.சி.டி. என்ற ஒளிக் கமராவும் குழாய்க்குள் போய்ச் சுவரைக் காட்டும். வைத்த ஸ்டென்ட்டின் மிக ஒடுங்கிய இடம் ஐவஸில் 5.5, ஓ.சி.டி.யில் 4.5 சதுர மில்லிமீற்றரையாவது தாண்டியிருக்கவேண்டும் என்பது 2018இல் ஐரோப்பிய நிபுணர்கள் வைத்த அளவுகோல். கல்சியம் சுவரின் பாதிச் சுற்றைத் தாண்டி, அரை மில்லிமீற்றரை விடத் தடித்து, 5 மில்லிமீற்றரை விட நீண்டிருந்தால் ஸ்டென்ட் சரியாக விரியாமல் போகும் ஆபத்துக் கூடுதல் என்பதும் ஓ.சி.டி. ஆய்வுகளில் தெரியவந்தது. உள்ளே பார்த்தால் சில வேளை கதையே மாறிவிடும். ஸ்டென்ட் நன்றாக விரிந்திருக்கும், உள்ளே தசைதான் வளர்ந்திருக்கும். அதற்கு அதிர்வலை எதற்கு? மருந்து பூசிய பலூனோ இன்னொரு ஸ்டென்ட்டோ போதும். சிக்கலான அடைப்புகளில் உள்ளே பார்த்துச் செய்வதால் வரும் நன்மைக்கு மேலே சொன்னவற்றை விடப் பலமான ஆதாரம் இருக்கிறது. கொரியாவில் 1,639 பேரில் செய்து 2023இல் வெளியான ரெனோவேட் ஆய்வில் பிற்காலச் சிக்கல் 12.3 வீதத்திலிருந்து 7.7க்குக் குறைந்தது. விலை உயர்ந்த உடைக்கும் கருவியை விட அதைக் காட்டும் கமராவுக்குச் சான்று பலம். இதைச் சொன்னால் சில பேருக்குப் பிடிக்காது.

அடுத்த கேள்வி, சாதாரண வழியை முதலில் பார்த்தார்களா என்பது. விறைப்பான பலூனை 20 வளிமண்டலத்துக்கு மேல் ஊதிப் பார்ப்பது முதல் படி. இரட்டைச் சுவர் வைத்த அதியுயர் அழுத்தப் பலூன் ஒன்று 35 வரை தாங்கும். பல ஸ்டென்ட்டுகள் இதிலேயே இடம் கொடுத்துவிடும், செலவும் குறைவு. ஆனால் அழுத்தம் கூடக்கூடக் குழாய் கிழியும் பயமும் கூடும், அதனால்தான் சில டொக்டர்மார் நேரே அதிர்வலைக்குப் போகிறார்கள். அவர்களைப் பிழை சொல்லமாட்டேன்.

இனி வயல் கதை. அப்பாவுக்கு ஒரு குழாயில் மட்டும் பிரச்சினையா, இரண்டு மூன்று குழாயிலா என்பதை நீங்கள் எழுதவில்லை. சீனி வருத்தத்தோடு பல குழாய் அடைப்பு என்றால் பைபாஸ் சத்திரசிகிச்சையையும் மேசையில் வைத்துக் கதைக்கவேண்டும். 1,900 சீனி நோயாளிகளைப் பார்த்த ஃப்ரீடம் ஆய்வில் (2012) ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து ஸ்டென்ட் பக்கம் 26.6 வீதம், பைபாஸ் பக்கம் 18.7 வீதம். ஒரு கதீட்டருக்காகக் காணி விற்று, பிறகு பைபாஸும் வந்தால் இரண்டு தடவை அழவேண்டிவரும். இன்னொரு பக்கம், நெஞ்சு நோ நடந்தால் மட்டும் வந்து, நின்றால் போய், மாதக்கணக்கில் ஒரே அளவில் நின்றால், மருந்தைச் சரியாகக் கூட்டி ஆறுதலாக முடிவெடுக்க நேரம் இருக்கிறது. இருந்த இடத்தில் நோ வருகிறது, நாளுக்கு நாள் குறைந்த நடைக்கே வருகிறது என்றால் அந்த நேரம் இல்லை. அப்போது காணியைப் பற்றி யோசிக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

என் இடத்தில் என் அப்பாவாக இருந்தால், முதலில் அஞ்சியோகிராம் சீடியை வாங்குவேன். ரிப்போட்டை மட்டும் வாங்கமாட்டேன், படத்தையே வாங்குவேன், அது நோயாளியின் உரிமை. அதையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஏ9 வீதியில் வடக்கே யாழ்ப்பாணமோ தெற்கே அனுராதபுரமோ போய் இரண்டாவது இருதய நிபுணர் ஒருவரிடம் காட்டுவேன். ஐவஸ் அல்லது ஓ.சி.டி. செய்யும் இடமா, உடைக்கும் வேலை வருடத்துக்கு எத்தனை செய்கிறார்கள், குழாய் கிழிந்தால் அடைக்கும் கவசமுள்ள ஸ்டென்ட் அலுமாரியில் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்பேன். கடைசிக் கேள்விக்கு ஒருவர் முகம் சுளித்தால் எனக்கு அதுவே பதில். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எந்த அலுமாரியில் என்ன இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறின காலமும் இருந்தது, அதனால் போன வருடம் இருந்தது என்ற பதிலோடு திருப்திப்படாதீர்கள். இவ்வளவும் நடந்து முடியும் வரை அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரு நாளும் நிற்கக்கூடாது. விரியாத ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாமல் காவல் நிற்பது அந்த இரண்டு குளிசைகளும்தான். பல்லுப் பிடுங்கவென்று யாராவது நிறுத்தச் சொன்னாலும், இருதய டொக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் கடைசியில் கேட்டது, கிணற்றுத் தண்ணீரால்தான் குழாயில் கல்சியம் படிந்ததா என்று. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக்கும் குழாயில் படியும் கல்சியத்துக்கும் தொடர்பில்லை. அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் இல்லை. குழாய்ச் சுவரில் நடப்பது எலும்பு உருவாவதைப் போன்ற ஒரு வேலை, அழற்சி பிடித்த சுவரின் கலங்கள் தாங்களே கல்சியத்தைப் படியவைக்கின்றன. வயது, சீனி, பிரஷர், புகைத்தல் அதைத் துரிதப்படுத்தும். கரைத்து எடுக்கும் மருந்து கிடையாது. ஊசி ஏற்றிக் கல்சியத்தைக் கழுவுகிறோம் என்று சொல்லும் கீலேஷன் வைத்தியத்தை, முன்பு மாரடைப்பு வந்த சீனி நோயாளிகளிலேயே சோதித்த டாக்ட் 2 ஆய்வு 2024இல் பலனில்லை என்று சொல்லிவிட்டது, அதற்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். ஆனால் தண்ணீர்ப் பயத்துக்குள் ஒரு சரியான பயமும் ஒளிந்திருக்கிறது, அது சிறுநீரகம். வவுனியாவின் தெற்குப் பக்கமும் அதைத் தாண்டி மதவாச்சி, பதவியா வரையும் காரணம் தெளிவில்லாத சிறுநீரக நோய் பலரைப் பிடித்திருக்கிறது, சீனி வருத்தமும் தன் பங்குக்குச் சிறுநீரகத்தைத் தின்னும். சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் பொஸ்பேற் ஏறும், குழாயில் கல்சியம் இன்னும் வேகமாகப் படியும். அத்தோடு அஞ்சியோகிராமுக்கு விடும் சாயமும் தளர்ந்த சிறுநீரகத்துக்குச் சுமை. ஓ.சி.டி.க்குச் சாயம் கூடுதலாக வேண்டும், ஐவஸுக்கு வேண்டாம். எனவே சீடியோடு, கடைசியாக எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போட்டையும் கொண்டுபோங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதென்றால், போவதற்கு முன் கிளிநொச்சியிலேயே ஒன்று புதிதாக எடுத்துவிடுங்கள்.